குணங்குடியார்

விருதுநகரை அடுத்த சூலக்கரையினின்று மேற்றிசை நோக்கிச் செல்வார்க்குச் சிவகாசியும் திருவில்லிபுத்தூரும் கடந்தபின் நிலத்தின் தோற்றம் மாறுவது கண்கூடு. பருத்தியும் கம்பும் விளையும் கரிசற் காடு பின்னே ஒதுங்க, மேற்குத் தொடர்ச்சி மலை வானளாவி எதிரே நிற்கும். வத்திராயிருப்பிற்கு அப்பால் உள்ள அம்மலைப் பகுதியே சதுரகிரி எனப்படுவது. சுந்தரமகாலிங்கமும் சந்தனமகாலிங்கமும் கோயில் கொண்டுள்ள அம்மலைக்கு ஆடி அமாவாசையன்று மக்கள் திரள் திரளாக ஏறுவர். சித்தர் பலர் அங்கே தவமியற்றினர் என்பது தென்னாட்டவர் பன்னெடுங்காலமாகக் கொண்டுள்ள நம்பிக்கை. சுனையும் மூலிகையும் காட்டு விலங்கும் நிறைந்த அம்மலையில், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகட்கு முன்னர், முஸ்லிம் இளைஞர் ஒருவர் தன்னந்தனியே தங்கி இறைவனை எண்ணியிருந்தார். உற்றாரும் ஊரும் துறந்து வந்த அவ்விளைஞரே பிற்காலத்தில் குணங்குடி மஸ்தான் சாகிபு எனத் தமிழுலகம் போற்றிய ஞானக் கவிஞர் ஆவார்.

இராமநாதபுரம் சீமையில், தொண்டி என்னும் கடற்றுறைக்கு வடமேற்கே பத்துக் கல் தொலைவில் குணங்குடி என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் நயினா முகம்மது என்பார்க்கும் பாத்திமா அம்மையார்க்கும் 1792ஆம் ஆண்டில் ஓர் ஆண்மகவு பிறந்தது. பெற்றோர் அம்மகவுக்குச் சுல்தான் அப்துல் காதிர் எனப் பெயரிட்டனர். பகுதாது நகரில் வாழ்ந்து 1166ஆம் ஆண்டில் மறைந்த முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி என்னும் பெரியார், காதிரிய்யா என்னும் ஞானநெறிக்கு முதல்வர். தமிழகத்து முஸ்லிம்கள் அவர்பால் கொண்டிருந்த பேரன்பினால் அவர் பெயரைத் தம் மக்கட்கு இடுதல் அக்காலத்துப் பெருவழக்கு. பெயரளவில் நின்றுவிடாது, அப்பெரியாரின் நெறியையே தம் வாழ்வாகக் கொள்ளும் பேறு இக்குழந்தைக்கு வாய்த்தது.

அக்காலம் சேதுநாட்டுக்கு அமைதியான காலம் அன்று. குழந்தைக்கு மூன்றாண்டு நிரம்பிய 1795ஆம் ஆண்டில் முத்துராமலிங்க சேதுபதியை ஆங்கிலக் கும்பெனியார் அரசுரிமையினின்றும் நீக்கிச் சிறையிலிட்டனர். சிறுவனுக்கு ஒன்பது வயதான 1801ஆம் ஆண்டில் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்தது. மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நேற்றுவரை ஆணை செலுத்தியவர் இன்று இல்லாதொழிந்த காட்சியைக் கண்ட தலைமுறையில் வளர்ந்தவர் இவர். செல்வத்தையும் அதிகாரத்தையும் இவர் பிற்காலத்தில் ஒரு பொருட்டாக மதியாமைக்கு இதுவே காரணம் என்று துணிதல் பொருந்தாது. ஆயினும் நிலையாமையைப் பற்றி இவர் பாடிய இடங்களைப் படிப்போர் அக்காலத்தையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

கல்வி பயிலும் பருவம் எய்திய பின்னர்ச் சிறுவர் கீழக்கரைக்கு அனுப்பப்பட்டார். முத்துக்கும் சங்குக்கும் பெயர்பெற்ற அத்துறைமுகம், வள்ளல் சீதக்காதி வாழ்ந்த ஊராதலின் தமிழ்ப் புலவர்க்கும் புகலிடமாக விளங்கியது. அரபு மொழிக் கல்விக்கும் தென்னாட்டில் அது தலைமை இடமாய் இருந்தது. அங்கே தைக்கா சாகிபு எனப் புகழ்பெற்ற செய்கு அப்துல் காதிர் லெப்பை ஆலிம் என்னும் பேராசிரியரிடம் இவர் மார்க்கக் கல்வி பயின்றார். அரபும் தமிழும் இவருக்கு இரு கண்கள் ஆயின. நூலறிவு பெருகப் பெருக உள்ளம் தனிமையை நாடிற்று. ஓதியதை ஓதிக்கொண்டே இருத்தல் போதாது, ஓதப்பட்ட பொருளை உணர்தல் வேண்டும் என்னும் வேட்கை இவரை விடாது பற்றிக்கொண்டது.

இந்நிலையில் இல்லத்தார் இவருக்கு மணம் முடிக்கக் கருதினர். தாய்மாமனாகிய கட்டை சாகிபின் மகள் மைமூன் என்னும் நங்கையே மணமகள் எனப் பேசப்பட்டது. தமிழ்நாட்டு வழக்கத்தில் தாய்மாமன் மகளை மறுத்தல் எளிய செயல் அன்று. அது பெண்ணுக்கு இழுக்கு; தாய்க்குத் துயர்; இரு குடும்பங்கட்கும் இடையே ஆறாத புண். இவை யாவும் அவ்விளைஞர் அறியாதன அல்ல. இல்லறத்தை இஸ்லாமிய நெறி சிறப்பித்துக் கூறுவதையும் அவர் நன்கு கற்றிருந்தார். எனினும் மனம் ஒருவழியும் உடல் மற்றொரு வழியுமாக நின்று ஒரு பெண்ணின் வாழ்வைப் பாழாக்குதல் அதனினும் பெருங்குற்றம் என்று அவர்க்குத் தோன்றியிருத்தல் கூடும். அவர் மணத்தை மறுத்தார், இல்லத்தையும் துறந்தார். ஞானியர் வரலாறுகளை எழுதுவோர் இத்துறவை ஒரு வரியில் கூறிக் கடந்து செல்வர். பின்னே விடப்பட்ட வீட்டில் அன்றிரவு விளக்கு எவ்வாறு எரிந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தால்தான் அம்முடிவின் சுமை விளங்கும்.

1813ஆம் ஆண்டில், தமது இருபத்தோராம் வயதளவில், அவர் திரிசிரபுரம் சேர்ந்தார். நத்தர்வலி என்னும் பழம்பெரும் ஞானியின் அடக்கத்தலம் அமைந்த நகரம் அது. ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவும் அத்தலத்தின் எல்லையிலேயே அடக்கம் செய்யப்பட்டார் என்றால் அதன் பெருமை புலப்படும். அந்நகரில் மௌலவி ஷாம் சாகிபு என்னும் ஆசிரியரை அடுத்து அப்துல் காதிர் ஞான உபதேசம் பெற்றார். அதே நகரில் அரசுப் பணியாற்றிப் பின் துறவு பூண்ட தாயுமானவர் அவருக்கு முந்திய நூற்றாண்டினர். தாயுமானவர் திரிசிரபுரத்தை நீங்கி இறுதியில் இராமநாதபுரத்தில் சமாதியடைந்தார். இவரோ இராமநாதபுரம் சீமையில் தோன்றித் திரிசிரபுரத்தில் ஞானநெறி புகுந்தார். இருவரும் ஒருவரையொருவர் காணாதவர். ஆயினும் பராபரக்கண்ணி என்னும் பெயரில் இருவரும் பாடினர்; ஆனந்தக் களிப்பும் இருவரும் பாடினர். தாயுமானவர் வகுத்த கண்ணி யாப்பு முஸ்லிம் துறவியின் நாவிலும் தடையின்றி நடந்தது.

உபதேசம் பெற்றவர் அடுத்துச் செய்வது தனித்திருத்தல். இதனை முஸ்லிம் ஞானியர் கல்வத்து என்பர். நாற்பது நாள் மக்களோடு கலவாமல், குறைவாக உண்டு, குறைவாக உறங்கி, இறைவன் திருப்பெயரை இடையறாது நினைந்திருப்பது இதன் முறை. அப்துல் காதிர் இதற்கெனத் தேர்ந்த இடம் மதுரையை அடுத்த திருப்பரங்குன்றம். அடிவாரத்தில் முருகன் கோயிலும், உச்சியில் சிக்கந்தர் என்னும் பெரியாரின் அடக்கத்தலமும் உடைய மலை அது. அம்மலைமேல் நாற்பது நாள் அவர் தவமிருந்தார். பின்னர் அறந்தாங்கியை அடுத்த கலகம் என்னும் சிற்றூரில் ஆறு திங்களும், தொண்டியை அடுத்த வாழைத்தோப்பு என்னுமிடத்தில் நான்கு திங்களும் தங்கினார். பிறந்த ஊர் அணித்தாயிருந்தமையின் வாழைத்தோப்பு நெடுநாள் தங்குதற்கு ஏற்றதாகவில்லை போலும்.

அதன்பின் ஏழாண்டுக் காலம் அவர் ஓரிடத்தும் நிலைத்திலர். சதுரகிரி, புறாமலை, நாகமலை, ஆனைமலை என மலைகள்தோறும் திரிந்தார். காடும் ஆற்றங்கரையும் கடற்கரையும் அவர்க்கு இல்லமாயின. கிடைத்த காயும் கிழங்கும் சருகும் உணவாயின என்பர். சில காலம் குப்பை மேடுகளில் அமர்ந்திருந்ததும் உண்டு. தூய்மையை உயிரெனப் போற்றும் மார்க்கத்திற் பிறந்து, அரபு நூல்களைத் துறைபோகக் கற்ற ஒருவர் குப்பை மேட்டில் அமர்வதைக் கண்ட மக்கள் திகைத்தனர். சிலர் பித்தர் என இகழ்ந்தனர். மற்றுஞ் சிலர், இது மதுவால் வந்த மயக்கம் அன்று, இறைவன்மேற் கொண்ட காதலால் வந்த களிப்பு என்று உணர்ந்தனர். பாரசீக மொழியில் மஸ்து என்பது மயக்கத்தைக் குறிக்கும் சொல். மஸ்தான் என்று மக்கள் அவரை அழைக்கத் தொடங்கியதன் காரணம் இது. இகழ்ந்தவர் வாயினின்று வந்ததோ புகழ்ந்தவர் வாயினின்று வந்ததோ, அப்பெயரே நிலைத்துவிட்டது. பெற்றோர் இட்ட பெயரை இன்று அறிவார் சிலர். மஸ்தான் சாகிபு என்றால் அறியாதார் சிலர்.

இங்ஙனம் திரிந்து வடக்கே சென்ற மஸ்தான் சாகிபு இறுதியில் சென்னையை அடைந்தார். நகரின் வடபாலுள்ள இராயபுரம் அந்நாளில் இன்றுள்ளதுபோல் மக்கள் நெருங்கிய இடமன்று. ஆங்கே பாவா லெப்பை என்னும் முஸ்லிம் ஒருவர்க்கு உரிய நிலம், முட்புதரும் மூங்கிலும் மண்டிக் கிடந்தது. மக்கள் அதனை லெப்பைக் காடு என்றனர். பகலிலும் ஆள் நுழைய அஞ்சும் அக்காடு, மலைகளிற் பழகிய துறவிக்கு ஏற்ற உறைவிடமாகத் தோன்றியது. நகருக்கு இத்துணை அருகில் இத்துணைத் தனிமை வேறெங்குக் கிடைக்கும்?

முஸ்லிம் ஞானியர் தங்கும் இடத்தைத் தைக்கா என்பர். தக்கியா என்னும் சொல்லின் திரிபு அது. அரண்மனை வாயிலையும் கடைத்தெருவையும் நீங்கி, ஊர்ப்புறத்தே மரநிழலும் நீரும் உள்ள இடத்தில் அதனை அமைப்பது வழக்கம். தொழுகைக்கு முன் முகமும் கைகால்களும் கழுவுதற்கு நீர் இன்றியமையாதது. வழிப்போக்கர் களைப்பாறுதற்கு நிழல் இன்றியமையாதது. தில்லியில் நிஜாமுத்தீன் அவுலியாவின் தலத்தில் பதினான்காம் நூற்றாண்டில் அகழப்பட்ட படிக்கிணறு இன்றும் உள்ளது. நாகூர் தலத்திலும் குளம் உண்டு. ஞானி மறைந்தபின் அவர் இருந்த சோலையே அடக்கத்தலமாகும்; அதனைச் சுற்றி ஊர் வளரும்; வளர்ந்த ஊர் அச்சோலையை விழுங்கும். நம் நாட்டின் பழைய தர்காக்கள் பலவற்றின் வரலாறு இதுவே. லெப்பைக் காட்டின் வரலாறும் இதற்கு விலக்கன்று.

காட்டில் ஒருவர் இருக்கிறார் என்னும் செய்தி மெல்லப் பரவியது. முதலில் வந்தோர் வேடிக்கை பார்க்க வந்தோரே. பிறகு நோயாளிகள் வந்தனர், கவலையுடையோர் வந்தனர், அற்புதம் வேண்டினோர் வந்தனர். அவர் நிகழ்த்தியனவாகக் கூறப்படும் அற்புதங்கள் பல. அவற்றை ஈண்டு விரித்தல் வேண்டா. பேசாதிருத்தற்காக இருபத்தோராம் வயதில் வீடு துறந்தவரைச் சுற்றி ஒரு பெருங்கூட்டம் கூடிவிட்டது என்பதே அவற்றினும் வியக்கத்தக்கது. மலையில் தனித்திருத்தல் ஒருவகையில் எளிது. கூட்டத்தின் நடுவே தனித்திருத்தல் அரிது. மஸ்தான் சாகிபு கூட்டத்தை விரட்டவும் இல்லை. அதற்கு அடிமையாகவும் இல்லை. அங்கே ஒரு தைக்கா அமைந்தது. வந்தவர்க்கு அவர் அளித்தது தம் பாட்டையே.

அப்பாடல்களைக் கேட்டு அவரை அடுத்தவருள் முஸ்லிம் அல்லாதாரும் பலர். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அக்காலத்துத் தமிழறிஞருள் முன்னணியில் நின்றவர், பழைய நூல்களை ஆராய்ந்து அச்சேற்றியவர், வீரசைவ மரபினர். அவர் மஸ்தான் சாகிபின்மேல் நான்மணிமாலை ஒன்று பாடினார். ஐயாசாமி முதலியார் என்பவர் பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். உயிருள்ள ஒருவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு சிற்றிலக்கியம் பாடுதல் புலவர்க்குப் புதிதன்று. ஆனால் அது பெரும்பாலும் பரிசில் கருதி வள்ளல்மேற் பாடப்படுவது. மூங்கிற் காட்டில் இருந்த துறவியிடம் கொடுப்பதற்குப் பொருள் ஏது? சைவப் புலவர் முஸ்லிம் ஞானியைப் பாடினார் எனில், பாடத் தூண்டியது அவர்தம் மெய்யுணர்வும் தமிழும் அன்றி வேறொன்றில்லை.

அத்தமிழின் இயல்பும் சிறிது அறியத்தக்கது. முகியித்தீன் சதகம், அகத்தீசர் சதகம், நந்தீசர் சதகம், நிராமயக்கண்ணி, பராபரக்கண்ணி, மனோன்மணிக்கண்ணி, இறகுமான் கண்ணி, கீர்த்தனங்கள் முதலியன அவர் பாடியவை. இப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்கின் அவரது உள்ளத்தின் அகலம் விளங்கும். தம் நெறியின் முதல்வராகிய பகுதாதுப் பெரியாரைப் பாடிய அதே நாவால் சித்தர் மரபின் தலைவராகிய அகத்தியரையும் நந்தியையும் பாடுகின்றார். சதுரகிரியில் அவர் கழித்த நாட்கள் வீண் போகவில்லை. பரம்பொருளைக் காதலியாகவும் தம்மைக் காதலனாகவும் கொண்டு உருகும் இடங்கள் பல. மனோன்மணி என்பது சைவரும் யோகியரும் வழங்கும் பெயர். முஸ்லிம் துறவி அதனைத் தயங்காது எடுத்தாண்டார். இறைவனைத் தலைவனாகவும் உயிரைத் தலைவியாகவும் வைத்துப் பாடுவது ஆழ்வார் நாயன்மார் மரபு. தலைவியின் நிலையில் இறைவனை வைத்துப் பாடுவது பாரசீக ஞானக் கவிஞர்க்குப் பழகிய நெறி. அந்நெறிக்கு அவர் தமிழ் ஆடை உடுத்தினார். அரபுச் சொல்லும் பாரசீகச் சொல்லும் வடசொல்லும் கொச்சைத் தமிழும் அவர் பாட்டில் அடுத்தடுத்து வரும். இலக்கணம் வல்லார் சில இடங்களில் முகஞ்சுளித்தல் கூடும். ஆனால் சந்தம் எங்கும் தளர்வதில்லை. கற்றாரும் கல்லாரும் ஒருங்கே பாடுதற்கு ஏற்ற எளிமையும் உண்டு. பக்கிரிகள் தாயிரா முழக்கி அவர் கண்ணிகளைத் தெருத்தெருவாகப் பாடிச் சென்றமைக்கு அதுவே காரணம். பின்னர் வடிவேலு முதலியார் இப்பாடல்கட்கு உரையும் எழுதினார்.

இராயபுரத்தை அடுத்துள்ள தண்டையார்பேட்டையின் பெயர்க்கும் இவர்க்கும் தொடர்பு கூறுவர். தொண்டியிலிருந்து வந்தவராதலின் மக்கள் இவரைத் தொண்டியார் என்றழைத்தனர் என்றும், அவர் வாழ்ந்த பேட்டை தொண்டியார்பேட்டை ஆயிற்று என்றும், அதுவே திரிந்தது என்றும் சொல்லப்படும். கேட்பதற்கு இனிய செய்தியே. ஆயினும் அவ்வூர் கும்பெனியார்க்கு வழங்கப்பட்டது 1693ஆம் ஆண்டில்; மஸ்தான் சாகிபு பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னரே அப்பெயர் வழக்கில் இருந்தது. ஆதலின் ஊர்ப்பெயர் அவரால் வந்ததாகாது. ஊரின் பெயரையே தம் ஞானியின் பெயராக மக்கள் கொள்ள விழைந்தனர் என்பதை மட்டும் இக்கதையால் அறியலாம்.

ஹிஜிரி 1254ஆம் ஆண்டு, ஜமாதுல் அவ்வல் மாதம் 14ஆம் நாள், ஒரு திங்கட்கிழமை வைகறையில் மஸ்தான் சாகிபு மறைந்தார். ஆங்கில ஆண்டு 1838. அப்பொழுது அவர்க்கு ஐம்பது வயதும் நிரம்பவில்லை. அவர் உறைந்த லெப்பைக் காட்டிலேயே அவரை அடக்கம் செய்தனர். ஹிஜிரி ஆண்டு பிறையைக் கொண்டு கணக்கிடப்படுவதாதலின் அவர் மறைந்த நாள் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னதாக வரும். முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒருமுறை சுற்றிவிடும்.

அவர் மறைந்து பதினெட்டாண்டு கழிந்தபின், 1856ஆம் ஆண்டில், தென்னாட்டின் முதற் பயணியர் புகைவண்டி அதே இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. நிலையமும் கிடங்குகளும் எழுந்தன. துறைமுகத் தொழிலாளர் குடியேறினர். மீனவர் குப்பங்களும் தெருக்களும் ஒன்றோடொன்று கலந்தன. முட்புதர் வெட்டப்பட்டது, மூங்கில் அழிந்தது. காட்டைத் தேடிச் செல்வோர்க்கு இன்று அங்கே வீடுகள் நெருங்கிய தெருக்களே தென்படும். அவற்றிடையே மஸ்தான் சாகிபின் அடக்கத்தலம் உள்ளது. வருவோர் மிதியடியைக் கழற்றி, தலையை மறைத்து, ஓசையின்றி உட்புகுவர். சிலர் பூப்போர்வை கொணர்வர். சிலர் பாத்திஹா ஓதுவர். வேறு சமயத்தார் கைகுவித்து நிற்பர்.